சேவல் முட்டை போடாது, ஆனா பாதி கலர் அதுகிட்டதான் இருக்கு

வீட்ல நாலு கோழி வளக்கறவங்க கலர் கலரா முட்டை வேணும்னு ஆசைப்பட ஆரம்பிச்சா எல்லாரும் பெட்டையைத்தான் பாத்துப் பாத்து வாங்கறாங்க. நீல முட்டை போடற பெட்டை ஒண்ணு, நல்ல அடர் பிரவுன் போடற மரான்ஸ் ஒண்ணுன்னு தேடித் தேடி சேத்துட்டு சேவல் மட்டும் யாராவது சும்மா குடுத்தது, பாக்க அழகா இருக்கு, கொண்டை நல்லா நிக்குதுன்னு உள்ள விட்டுடறாங்க. அப்புறம் ஆறு மாசம் கழிச்சு புது வெடக்கோழிங்க முட்டை போட ஆரம்பிக்கும்போது எல்லாம் வெளிறுன கலர்ல வருது, ஏன்னு கேக்கறாங்க. ஏன்னா அந்தப் பொண்ணுங்களோட முட்டைக் கலர்ல பாதி அப்பன்கிட்ட இருந்து வந்தது, அப்பன் முட்டை போட்டு யாரும் பாத்ததில்லையே.

இன்னொரு குழப்பத்தையும் இங்கயே தீத்துடலாம். நீல முட்டை ஜீன் உள்ள சேவலை வெள்ளை முட்டைப் பெட்டையோட விட்டா அந்தப் பெட்டை நீலமா போடுமான்னா போடாது, போடவே போடாது. ஓட்டோட கலரை முடிவு பண்றது அந்த முட்டையைப் போடற பெட்டையோட ஜீன், உள்ள இருக்கற குஞ்சோட ஜீனுக்கு அதுல வேலையே இல்ல. மஞ்சக்கரு கிளம்பி முழு முட்டையா வெளிய வர்றதுக்கு கிட்டத்தட்ட 25 மணி நேரம் ஆகும், அதுல ஒரு 20 மணி நேரம் ஓடு கட்டறதுக்கே போயிடும், அந்த வேலை மொத்தமும் தாயோட உடம்புல நடக்கறது. சேவலோட பங்கு தெரியணும்னா அதுக்குப் பொறந்த பொண்ணு வளந்து முட்டை போடணும்.

சரி, முட்டைக் கலர் விஷயம் பாக்க பத்து கலர் மாதிரி இருந்தாலும் உள்ள ரெண்டே சாயம்தான். ஒண்ணு நீலம், பிலிவெர்டின்னு பேரு, அடிபட்ட இடம் சில நாள் கழிச்சு பச்சையா கன்னிப் போகுமே அதுக்குக் காரணமும் இதே பொருள்தான். இது ஓடு கட்டும்போதே சுண்ணாம்போட சேந்து கலந்துடும், அதனால ஓட்டோட உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும் நீலமா இருக்கும். இன்னொண்ணு பிரவுன், புரோட்டோபார்ஃபிரின்னு சொல்வாங்க, இது பெரும்பாலும் கடைசி சில மணி நேரத்துல மேல படியற சமாச்சாரம், அப்பதான் போட்ட ஈரமான முட்டையை விரலால தேச்சா சில சமயம் கையோட வந்துடும், ஒரு கோடு கிழிச்ச மாதிரி வெளிறிப் போய் நிக்கும். ரெண்டுமே இல்லன்னா வெள்ளை. நீலத்து மேல பிரவுன் படிஞ்சா பச்சை. நீலத்து மேல அடர் பிரவுன் படிஞ்சா ஆலிவ், அதாவது மங்கலான காக்கிப் பச்சை. அவ்ளோதான்.

இதை வீட்லயே செக் பண்ணலாம், காசே ஆகாது. பச்சை முட்டையை உடைச்சு ஓட்டை எடுத்து, உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கற மெல்லிசான சவ்வை நகத்தால நெம்பி உரிச்சுட்டு உள்பக்கத்தை வெளிச்சத்துல பாருங்க. வெளிய ஆலிவா இருந்தது உள்ள சுத்தமான வெளிர் நீலமா இருக்கும். பிரவுன் முட்டையை இதே மாதிரி உரிச்சா உள்ள வெள்ளையாத்தான் இருக்கும். சில முட்டை வெளிய பாக்க பச்சையா பிரவுனான்னே சொல்ல முடியாத காக்கி கலர்ல இருக்கும், அதுக்கெல்லாம் இதுதான் தீர்ப்பு, உள்ள நீலம் இருந்தா அந்தப் பெட்டைகிட்ட நீல ஜீன் இருக்கு, இல்லன்னா இல்ல. சவ்வை உரிக்காம பாத்துட்டு உள்ள வெள்ளையா இருக்கேன்னு முடிவு பண்ணிடாதீங்க, சவ்வே வெள்ளைதான்.

நீல ஜீனைப் பத்தி சொல்றதுக்கு நிறைய இருக்கு. இது ஒரே ஜீன், டாமினன்ட், அதாவது அப்பா அம்மால ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், ஓடு நீலமாயிடும். ரெண்டு பிரதி இருந்தா பொதுவா கொஞ்சம் அழுத்தமா இருக்கும். 1933-லயே பன்னெட் இதை டாமினன்ட்னு காட்டிட்டாரு, ஆமா ஸ்கூல்ல கட்டம் போட்டு ஜீன் கணக்கு பாப்பமே பன்னெட் ஸ்கொயர், அந்த பன்னெட்தான், மனுஷன் நிறைய கோழி ஆராய்ச்சி பண்ணவரு. ஆனா ஏன் நீலமாகுதுங்கறது 2013-லதான் தெரிஞ்சுது. எப்பவோ ஒரு காலத்துல ஒரு ரெட்ரோவைரஸ், அதாவது தன்னோட ஜீனை புகுந்த உடம்போட ஜீனுக்குள்ளயே செருகிக்கற வைரஸ், கோழியோட ஒண்ணாம் நம்பர் குரோமோசோம்ல போய் உக்காந்துருக்கு, அது பக்கத்துல இருந்த ஜீனை ஓடு கட்டற இடத்துல வேலை செய்ய வெச்சுடுச்சு, அதோட விளைவுதான் இந்த நீலம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா தென் அமெரிக்காவோட அரௌகானா கோழியிலயும் சீனாவோட டோங்ஷியாங், லூஷி கோழியிலயும் இது தனித்தனியா நடந்துருக்கு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணு வந்தது இல்ல, அதே வைரஸ் அதே ஏரியாவுல வேற வேற எடத்துல புகுந்துருக்கு. இதை எல்லாம் படிச்சப்புறம் நீல முட்டையைப் பாத்தா பழைய ஜுரம் ஞாபகம்தான் வருது எனக்கு.

பிரவுனுக்கு இந்த மாதிரி ஒரே ஜீன் கிடையாது. பல ஜீன் சேந்து கொஞ்சம் கொஞ்சமா சாயம் ஏத்தறது, அதனால பிரவுன்ல கணக்குப் போட்டு இத்தனைல இத்தனைன்னு சொல்ல முடியாது, குத்துமதிப்புதான். அடர் பிரவுன் வம்சத்தையும் வெள்ளை வம்சத்தையும் கலந்தா நடுவுல எங்கயோ வந்து விழும், அதுவும் பெரும்பாலும் நீங்க ஆசைப்பட்டதை விட வெளிறியே விழும். மரான்ஸ் வளக்கறவங்க 1-ல இருந்து 9 வரைக்கும் நம்பர் போட்ட ஒரு கலர் அட்டை வெச்சிருப்பாங்க, 4-க்கு கீழ இருந்தா மரான்ஸ் முட்டையாவே சேத்துக்க மாட்டாங்க. அந்த அட்டையில எந்த நம்பர் முட்டையில இருந்து சேவல் பொரிஞ்சுதுங்கறது நீங்க கேக்க வேண்டிய கேள்வி. சேவலோட கொண்டை, ஒசரம், வாலு எல்லாம் அப்புறம்.

இதோட இன்னொரு தலைவலி, பிரவுன் நிலையா நிக்காது. வெடக்கோழி போடற முதல் சில முட்டைங்கதான் இருக்கறதுலயே அடர்த்தி, சீசன் போகப் போக வெளுத்துக்கிட்டே வரும், இறகு உதுத்து ஒரு ரெஸ்ட் எடுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சா திரும்ப அடர்த்தியாகும். வெயில், பயம், நோவு எல்லாம் வெளுக்க வைக்கும், மூச்சுக்குழல்ல வர்ற ஐ.பி. (இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ்) நோய் வந்தா நல்லா தெரியற மாதிரி வெளுக்கும், ரத்தக்கழிச்சலுக்கு குடுக்கற நைகார்பசின் மருந்து கூட பிரவுன் ஓட்டை வெளுக்க வெச்சுடும். அதனால ஒரு பெட்டையைப் பத்தி முடிவு பண்ணனும்னா அது போட ஆரம்பிச்ச முதல் மாசத்து முட்டையை பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, எட்டு மாசம் கழிச்சு போடற முட்டையை வெச்சு ஒரு கோழியை மட்டம் தட்டாதீங்க. இன்னும் சில முட்டை ஊதாவா, சாம்பல் ரோஸா இருக்கும், புது கலர்னு குஷியாயிடுவாங்க, அது மேல படியற வெள்ளைப் பூச்சுதான், தண்ணியில நனைச்சா கீழ இருக்கற பிரவுன் வெளிய வந்துடும்.

ஆலிவ் எக்கர், அதாவது ஆலிவ் முட்டை போடற கலப்புக் கோழி, அதோட கணக்கு இப்ப சுலபமா புரியும். நீலத்துக்கு ரெண்டு பிரதியும் உள்ள ஒரு பறவை, அமரௌகானா மாதிரி, அதையும் மரான்ஸையும் சேத்தா பொறக்கற எல்லா பொண்ணுக்கும் ஒரு நீல பிரதி உண்டு, மேல பாதி பிரவுன், அதனால எல்லாமே பச்சையோ ஆலிவோ. இந்த முதல் தலைமுறையை எடுத்து திரும்ப மரான்ஸோட சேத்தா என்ன ஆகும்னா பாதி குஞ்சுக்கு நீலம் போகும், பாதிக்கு போகாது. நீலம் போனதுங்க நல்ல அடர் ஆலிவ் போடும், போகாததுங்க பிரவுன் போடும். முதல் தலைமுறை அண்ணன் தங்கச்சியையே சேத்தா நாலுல மூணுக்கு நீலம் இருக்கும், ஒண்ணுக்கு இருக்காது, பிரவுன் மட்டும் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி சிதறிடும். ஈஸ்டர் எக்கர்னு சொல்லி வர்ற, வம்சம் தெரியாத கலப்புக் கோழிங்க கிட்ட நீலம் ஒரு பிரதியா ரெண்டு பிரதியான்னு யாருக்கும் தெரியாது, அதை வெச்சு கணக்குப் போடறதே வேஸ்ட்.

இப்ப மறுபடி சேவலுக்கு வர்றேன். திரும்ப மரான்ஸோட சேத்ததுல பொறந்த சேவல்குஞ்சுல எதுகிட்ட நீலம் இருக்கு? இறகைப் பாத்தா தெரியாது, கால் கலரைப் பாத்தா தெரியாது. ஆனா கொண்டையைப் பாத்தா தெரியும், இதுதான் இந்த விஷயத்துலயே எனக்கு கிடைச்ச உருப்படியான குறுக்கு வழி. பட்டாணிக் கொண்டைக்கான ஜீனும் நீல முட்டை ஜீனும் ஒரே குரோமோசோம்ல ஒட்டி ஒட்டி இருக்கு, அதனால பெரும்பாலும் சேந்தே போகும், நூத்துக்கு அஞ்சுக்குள்ளதான் பிரியும். பட்டாணிக் கொண்டையும் நீலமும் ஒரு பக்கத்துல இருந்து வந்து, ஒத்தைக் கொண்டையும் நீலமில்லாததும் இன்னொரு பக்கத்துல இருந்து வந்துருந்தா, அந்தக் கலப்பை ஒத்தைக் கொண்டை மரான்ஸோட சேத்துப் பொறக்கற குஞ்சுல பட்டாணிக் கொண்டை இருக்கறதை வெச்சுக்கிட்டு மத்ததை ஒதுக்கிடலாம். பொரிஞ்ச குஞ்சை கையில வெச்சு நெத்தியை வெளிச்சத்துக்கு திருப்பிப் பாருங்க, ஒத்தைக் கொண்டைன்னா அலகுக்கு மேல நடுவுல ஒரே ஒரு மெல்லிசான கோடு ரம்பம் மாதிரி நிக்கும், பட்டாணின்னா அகலமா தட்டையா மூணு வரிசை லேசா தெரியும். முதல் நாள்ல சந்தேகமா இருந்தா ரெண்டு வாரம் விடுங்க, தெளிவாயிடும்.

ஆனா இது எல்லா கோழிக்கும் செல்லாது, இதை மறந்துட்டு நிறைய பேர் ஏமாறாங்க. பிரம்மாவுக்கு பட்டாணிக் கொண்டைதான், நீல முட்டை கிடையாது. கிரீம் லெக்பாருக்கு ஒத்தைக் கொண்டை, முட்டை நீலம். கிரீம் லெக்பாரை வெச்சு கலப்பு பண்ணி பட்டாணிக் கொண்டையைத் தேடிட்டு இருந்தா தேடிட்டே இருக்க வேண்டியதுதான். உங்க கோழியோட முன்னோர்ல அந்த ரெண்டும் எப்படி சேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் கொண்டை சாட்சி சொல்லும்.

காது மடல் பாத்து முட்டைக் கலர் சொல்லிடலாம்னு ஒரு பேச்சு இருக்கே, வெள்ளை மடல்னா வெள்ளை முட்டை, சிவப்பு மடல்னா பிரவுன்னு. லெகார்ன் மாதிரி மத்தியதரைக்கடல் பக்கத்து இனங்களுக்கு பொதுவா பொருந்தும், ஆனா அதே பக்கத்து பெனடெசென்காவுக்கு வெள்ளை மடல், முட்டை அடர் பிரவுன். அரௌகானாவுக்கு சிவப்பு மடல், முட்டை நீலம். கலப்புக் கோழியில மடலை நம்பறது வீண். இறகுக் கலருக்கும் முட்டைக் கலருக்கும் சம்பந்தம் இல்லங்கறதுக்கு வெள்ளை லெகார்னையும் வெள்ளை பிளைமவுத் ராக்கையும் பக்கத்துல நிறுத்துனாலே போதும், ரெண்டும் வெள்ளைக் கோழி, ஒண்ணு வெள்ளை முட்டை இன்னொண்ணு பிரவுன்.

இறகுக் கலர் தனி உலகம். முட்டை மாதிரி ஆறு மாசம் காத்திருக்க வேண்டாம், பொரிஞ்ச அன்னிக்கே சிலது தெரிஞ்சுடும், அதுலயும் ரொம்ப உபயோகமானது சேவலா பெட்டையான்னு கலரை வெச்சே பிரிக்கறது. கோழியில ஆணா பெண்ணாங்கறதை தீர்மானிக்கற இசட் குரோமோசோம் சேவலுக்கு ரெண்டு, பெட்டைக்கு ஒண்ணுதான், அந்த ஒண்ணு அப்பன்கிட்ட இருந்து வர்றது. உடம்புல குறுக்கு வரி போடற ஜீன் இந்த இசட்லதான் இருக்கு. வரி இல்லாத ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வரி போட்ட பிளைமவுத் ராக் பெட்டையோட சேத்தா, அம்மாவோட வரி பையனுக்கு மட்டும்தான் போகும். குஞ்சு எல்லாமே கருப்பாத்தான் பொரியும், ஆனா சேவல்குஞ்சுக்கு உச்சந்தலையில ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், பெட்டைக்குஞ்சுக்கு இருக்காது. வளந்தா பையன் வரி, பொண்ணு கருப்பு, கழுத்துல கொஞ்சம் செவலை அடிக்கும். இதையே திருப்பிப் போட்டு வரிச் சேவலையும் செவலைப் பெட்டையையும் சேத்தா எல்லா குஞ்சுக்கும் வரி வந்துடும், பிரிக்கவே முடியாது. இறகோட அடிக்கலர் வெள்ளையா செவலையான்னு முடிவு பண்ற வெள்ளி-தங்கம் ஜீனும் இதே இசட்லதான், தங்கச் சேவல் வெள்ளிப் பெட்டை சேந்தா பையன் வெளிர் மஞ்சளா, பொண்ணு செம்மஞ்சளா பொரியும். இங்கயும் பாருங்க, எந்தப் பக்கம் சேவலை நிறுத்தறீங்கங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

சில்கி மாதிரி தோல் கருப்பா இருக்கற கோழிங்கள்லயும் இதே விளையாட்டு இருக்கு. தோல் கருப்பாக ஒரு ஜீன், அதை அடக்கற இன்னொரு ஜீன் இசட்ல. சில்கிச் சேவலை வெளுத்த கால் உள்ள பெட்டையோட சேத்தா பொண்ணுங்க கருந்தோலா வரும், பையன்ங்க அவ்வளவா கருக்காது. பெட்டையை சில்கியா வெச்சு சேவலை வெளுத்த காலா வெச்சா ரெண்டுமே வெளிறிடும். கடக்நாத், அயம் செமானி கருப்புக்கும் அடிப்படை ஜீன் சில்கியோடதேதான், ஆனா அடக்கற ஜீன் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்காம கருங்கோழி கிராஸ் போட்டு குஞ்சு கருக்கலையேன்னு வருத்தப்படக்கூடாது.

சாம்பல் கலர், கோழிக்காரங்க ப்ளூன்னு சொல்றது, இதுதான் கணக்கு ரொம்ப சுத்தமா வர்ற கலர். சாம்பலையும் சாம்பலையும் சேத்தா நாலுல ஒண்ணு கருப்பு, ரெண்டு சாம்பல், ஒண்ணு ஸ்ப்ளாஷ், அதாவது அழுக்கு வெள்ளையில கருஞ்சாம்பல் தெறிச்ச மாதிரி. எல்லாமே சாம்பலா வேணும்னா ஸ்ப்ளாஷையும் கருப்பையும் சேக்கணும். சராசரி கணக்குங்கறதை மட்டும் மறக்காதீங்க, எட்டு குஞ்சு பொரிச்சா அச்சடிச்ச மாதிரி ரெண்டு நாலு ரெண்டுன்னு வராது. லேவண்டர்னு ஒரு சாம்பல் இருக்கு, பாக்க கிட்டத்தட்ட இதே மாதிரிதான், ஆனா ஜீன் வேற, ரெண்டு பிரதி வந்தாத்தான் தெரியும், லேவண்டரும் லேவண்டரும் சேந்தா எல்லாமே லேவண்டர். ரெண்டு சாம்பலையும் ஒரே கூண்டுல கலந்து விட்டீங்கன்னா அப்புறம் பொறக்கறது எதுன்னு பிரிக்கறது பெரும்பாடு.

வெள்ளைதான் இருக்கறதுலயே கள்ளத்தனமான கலர். லெகார்னோட வெள்ளை டாமினன்ட், ஒரு பிரதி போதும், கருப்போட சேத்தா குஞ்சு வெள்ளையா வந்து அங்கங்க ஒண்ணு ரெண்டு கருப்புப் பொட்டு இருக்கும், செவலையோட சேத்தா வெள்ளையில செம்பட்டை கசியும், ஏன்னா இந்த ஜீன் கருப்பை அடக்கற அளவுக்கு சிவப்பை அடக்காது. சில்கி, பிளைமவுத் ராக் வெள்ளை அப்படி இல்ல, அது ரிசஸிவ், ரெண்டு பிரதி வந்தாத்தான் தெரியும், கலர்க் கோழியோட சேத்தா குஞ்சு எல்லாம் கலராத்தான் வரும். ரெண்டு விதமான வெள்ளையையும் சேத்தா முதல் தலைமுறை வெள்ளை, அதுங்களை தங்களுக்குள்ள சேத்தா 16-ல 13 வெள்ளை, 3 கலர். பாட்டன் பாட்டி நாலும் வெள்ளை, பேரன் கருப்பு, பக்கத்து வீட்டுச் சேவல் மேல பழி. வெள்ளைக்கு அடியில வரி இருக்கலாம், வெள்ளி இருக்கலாம், முழுக் கருப்பு இருக்கலாம், லெகார்ன்ல அடிக்கடி இதெல்லாம் ஒளிஞ்சிருக்கும், வெள்ளைச் சேவலை வெச்சு இறகுக் கலர் ஜோசியம் சொல்றவங்களை நான் நம்பறதில்ல.

பக்கத்து வீட்டுச் சேவல்னதும் ஞாபகம் வருது, சேவலை மாத்துனா உடனே முட்டையை அடைக்கு எடுக்காதீங்க. பெட்டை விந்தை உடம்புக்குள்ள சேத்து வெச்சுக்கும், ரெண்டு வாரம் வரைக்கும் சாதாரணமா, சில சமயம் அதுக்கு மேலயும். மூணு வாரம் தனியா வெச்சுட்டு அப்புறம் புதுச் சேவலோட எடுக்கற முட்டையைத்தான் கணக்குல சேக்கணும். முட்டை மேல பென்சில்ல தாய் பேரு, தேதி, குஞ்சுக்கு கால்ல கலர் வளையம், இது இல்லாம பண்ற கிராஸிங் எல்லாம் கிசுகிசு லெவல்தான். குஞ்சோட பொடிமுடியைப் பாத்து பெரிய கோழி கலரை அடிச்சு சொல்லிடாதீங்க, ரெண்டு மூணு தடவை இறகு மாத்தித்தான் அதோட சொந்தக் கலருக்கு வரும்.

கடைசியா, கையில இருக்கற சேவல்கிட்ட நீலம் ஒரு பிரதியா ரெண்டு பிரதியான்னு எப்படி கண்டுபிடிக்கறது. பறிச்ச இறகை அனுப்புனா டிஎன்ஏ டெஸ்ட் பண்ணிக் குடுக்கற லேப் இருக்கு, அது ஒரு வழி. இன்னொரு வழி பழைய வழி, வெள்ளை முட்டை போடற பெட்டையோட விட்டு பொறக்கற பொண்ணுங்களை வளத்துப் பாக்கறது, வெள்ளைன்னா நீலம் வந்தா பளிச்சுன்னு தெரியும், பிரவுன் குறுக்க வராது. ஒரு பொண்ணு நீலமில்லாம போட்டாலும் சேவலுக்கு ரெண்டு பிரதி இல்லன்னு அப்பவே முடிவாயிடும். அஞ்சு பொண்ணும் நீலமா போட்டா, ஒரு பிரதி மட்டும் வெச்சிருந்து அதிர்ஷ்டத்துல அப்படி வந்திருக்க வாய்ப்பு 32-ல 1, ஏழு பொண்ணுன்னா 128-ல 1. நான் அஞ்சோட நிறுத்திக்குவேன், ஏழு பெட்டைக்கு தீனி போட்டு வளக்கறவங்க வளக்கட்டும். பொண்ணுங்க முட்டை போட அஞ்சாறு மாசம் ஆகும், சில இனம் இன்னும் இழுக்கும், அது வரைக்கும் காலைல நாலு மணிக்கு கூவுதுன்னு அந்தச் சேவலை யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க.